பழைய கொட்டகையும் பெயர் தெரியாப் பொருள்களும்

திருக்கோகர்ணத்தில் வாழ்கிறவர்களுக்குப் பழம்பொருள் என்பது புதுமையன்று. ஒரு பக்கம் குன்றைக் குடைந்தெடுத்த கோயில். மற்றொரு பக்கம் 1910-ஆம் ஆண்டில் தோன்றிய அருங்காட்சியகம். கல்வெட்டுக்கும் செப்புத் திருமேனிக்கும் நாம் மதிப்பளிக்கத் தவறுவதில்லை. ஆனால், அதே ஊரில் இடிந்து விழும் வண்டிக் கொட்டகையின் மூலையிலே, எலிப் புழுக்கைக்கும் ஒட்டடைக்கும் நடுவே கிடக்கும் துருப்பிடித்த இரும்பை நாம் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அது நிறுவைக்குப் போய்விடுகிறது. அப்படிப் போகிறவற்றுள் நம் ஊர் மோட்டார் வண்டி வரலாற்றின் ஏடுகளும் உண்டு என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்கு ரயில் பாதை வந்தது 1929-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பு வெளியூர்ப் பயணம் முழுவதும் சாலைவழியே நடந்தது. மாட்டு வண்டியோடு மோட்டார் வண்டியும் அச்சாலைகளில் ஓடத் தொடங்கியது. வண்டிகள் ஓய்ந்தபின் அவற்றைக் கழற்றிப் பயன்படும் உறுப்புகளைப் பரணிலும் கொட்டகையிலும் போட்டு வைத்தனர். போட்டவர் மறைந்தார், பொருள் இருக்கிறது, பெயர் மட்டும் மறந்துபோயிற்று.

பெயர் மறந்த பொருளுக்குப் பெயர் கண்டுபிடிப்பது எப்படி? முதல் விதி, கையை அடக்குவது. மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் கொண்டு உடனே பளபளப்பாக்க நினைப்பது தவறு. அழுக்கும் சாட்சி சொல்லும். எடுத்துக்காட்டாக, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு அறைகள் கொண்ட பித்தளைப் பாத்திரம் ஒன்று கிடைக்கிறது என்று கொள்வோம். கீழறையில் சுண்ணாம்பு போன்ற வெண்பொடி ஒட்டியிருக்கிறது. அந்தப் பொடிதான் விடை. கீழறையிலுள்ள கார்பைடுக் கட்டியின்மீது மேலறைத் தண்ணீர் சொட்டினால் அசிட்டிலீன் வாயு எழும்; எஞ்சி நிற்பது சுண்ணாம்பு. மின்விளக்கு பரவுவதற்கு முன் மோட்டார் வண்டியின் முகப்பு விளக்கு எரிந்தது அந்த வாயுவினால்தான். பொடியைத் துடைத்துவிட்டால் நம் கையில் மிஞ்சுவது ஒரு பித்தளைச் செம்பு மட்டுமே.

இரண்டாம் விதி, 'இதற்குள் எது புகுந்தது? எது வெளிவந்தது?' என்று கேட்பது. லாட வடிவக் காந்தங்கள் அணைத்து நிற்க, நடுவில் சுழலும் தண்டும், ஒரு பக்கம் கம்பி பூட்டும் முனைகளும் கொண்ட கனமான கருவி கிடைத்தால் அது மாக்னெட்டோ. தண்டின் வழியே சுழற்சி புகுகிறது. முனைகளின் வழியே மின்சாரம் வெளிவந்து பிளக்கில் தீப்பொறியாகிறது. முனைகள் நான்கானால் எஞ்சினுக்குப் பெரும்பாலும் நான்கு சிலிண்டர்; ஆறானால் ஆறு. இவ்வாறு ஒரு துண்டைக் கொண்டே காணாமற்போன எஞ்சினின் அளவை ஓரளவு சொல்லிவிடலாம்.

மூன்றாம் விதி எழுத்தைப் படிப்பது. கல்வெட்டாய்வாளர் மைப்படி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மெல்லிய தாளை இரும்பின்மேல் விரித்துப் பென்சிலால் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத எண்ணும் தாளில் எழும்பி வரும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பாஷ், லூக்காஸ், ஜெனித் என்ற பெயரைக் கண்டவுடன் அது வண்டியின் பெயர் என்று கொள்ளற்க. அவர்கள் உறுப்புகளைச் செய்து பல வண்டிக்காரர்களுக்கும் விற்றவர்கள். இன்னொன்று: ஃபோர்டு மாடல் டி வண்டியின் உறுப்பில் 'கனடா' என்று பொறித்திருந்தால் வியக்க வேண்டுவதில்லை. 1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் வார்த்துக் குவித்த வண்டி அது. எனினும் பிரிட்டனின் ஆளுகையிலிருந்த இந்தியா போன்ற நாடுகளுக்கு அதை அனுப்பிவைத்தது கனடாவிலிருந்த கிளைதான்.

எழுத்தே இல்லாவிடில் மரையைப் பார்க்க வேண்டும். 1841-இல் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் வகுத்த மரையின் கோணம் 55 பாகை; அமெரிக்க மரையின் கோணம் 60 பாகை. நாடறிந்த ஒரு போல்ட்டை அதன்மேல் பொருத்தி வெளிச்சத்தில் பிடித்தால், இடுக்கில் ஒளி கசிவதைக் கொண்டு இரண்டும் ஓரினமா, வேற்றினமா என்பதை அறியலாம்.

ஆளுயர இரும்பு உருளை ஒன்று, அடியில் தணலுக்கான தட்டும் தலையில் மூடியுமாகக் கிடந்தால் அதை வெந்நீர்க் கொப்பரை என்று தள்ளிவிடவேண்டா. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் அருகியபோது, பேருந்துகளின் பின்னால் இத்தகைய கலத்தைப் பூட்டி அடுப்புக்கரியை இட்டார்கள். போதிய காற்றின்றிப் புழுங்கும் கரி, எரியத்தக்க வாயுவைத் தரும். அதைக் குளிரச் செய்து வடிகட்டி எஞ்சினுக்குள் விட்டார்கள். மதுரை டி.வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவனத்தார் இவ்வகைக் கருவியை நம் நாட்டிலேயே செய்தனர்.

இவ்வளவும் சொல்லும் நான், ஒரு முறை தவறிய கதையையும் சொல்லிவிட வேண்டும். 1990-களில் நான் ஆசிரியராக இருந்தபோது, மாணவன் ஒருவன் கையகல மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். மேலே பித்தளைத் தகடும் சிறு நாக்கும் இருந்தன. பக்கத்திலிருந்த எழுத்து தேய்ந்துபோயிருந்தது. "தாத்தா இது மோட்டார் சாமான் என்கிறார், சார்" என்றான். மோட்டாரில் மரப்பெட்டிக்கு என்ன வேலை என்று நான் சிரித்தேன், வகுப்பும் சிரித்தது. 'பழைய தந்திக் கருவி' என்று சீட்டெழுதிக் கண்காட்சி மேசையில் வைத்தேன்.

சில மாதங்களுக்குப் பிறகு அந்த முதியவரே பள்ளிக்கு வந்தார். இளமையில் பட்டறையில் எடுபிடியாக இருந்தவர். ஒரு பாட்டரியைக் கேட்டு வாங்கி, இரண்டு கம்பிகளைத் தொட்டார். நாக்கு துடித்து, வண்டு போல ரீங்காரம் செய்தது. நீலத் தீப்பொறி பாய்ந்தது. "ஐயா, இது ஃபோர்டு வண்டியின் காயில். உள்ளே தாரில் பதித்த கம்பிச்சுருள் இருக்கிறது. சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு பெட்டி" என்றார்.

"மற்ற மூன்றும் எங்கே?" என்று ஆவலோடு கேட்டேன்.

அவர் சற்றுத் தயங்கினார். "பழைய தந்தி சாமான், வண்டிக்கு ஆகாது என்று வாத்தியாரே சொல்லிவிட்டாராம். வீட்டில் மற்றதையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார்கள்."

என் அறியாமையால் மூன்று பெட்டிகள் மட்டுமா போயின? உண்மையைச் சொன்ன சிறுவன், தன் வகுப்பின் முன்னே பொய்யனாக நின்றான். மறுநாள் அதே வகுப்பில் அவனையே அழைத்து அக்கருவியை விளக்கச் செய்து, என் பிழையையும் ஒப்புக்கொண்டேன். சீட்டு மாறியது, இரும்பு திரும்பவில்லை.

ஆகவே நான்காம் விதியை என் செலவில் கற்றதாகச் சொல்கிறேன்: தெரியாததைத் 'தெரியவில்லை' என்றே சீட்டில் எழுதி வையுங்கள். எந்த வீட்டில், எந்த மூலையில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பதையும் அதன் கீழே குறியுங்கள். சேர்ந்து கிடந்தவற்றைப் பிரிக்காதீர்கள். வீட்டில் முதியவர் இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள். தவறான பெயர் விசாரணையை முடித்துவிடுகிறது. பெயரின்மை அதைத் தொடரச் செய்கிறது.

அடுத்த முறை கொட்டகையைப் பிரிக்கும்போது, தராசுக்காரரை அழைப்பதற்கு முன் ஒரு நாள் பொறுங்கள். அந்த ஒரு நாளில், தாத்தாவின் பேச்சைக் கேட்டுவந்த பேரன் சொல்வதற்கும் செவி கொடுங்கள்.