உறையாத எரிபொருள் ஏன் பற்றவில்லை?

ஜனவரி மாதம் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஏரிகள் கார் ஓட்டிப் போகும் அளவுக்கு உறைந்துகிடக்கும். மரமோ மின்கம்பியோ இல்லாத அந்த வெள்ளைத் தரை, மாதிரி விமானம் பறக்கவிடுகிறவர்களுக்குப் பெரிய மைதானம். சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஸ்கீ என்னும் சறுக்குக் கட்டையை மாட்டி, விமானத்தைப் பனிமேல் வைப்பார்கள். அப்புறம்தான் வம்பு. கோடையில் இரண்டு சுற்றில் பிடித்துக்கொண்ட எஞ்சின், இப்போது விசிறியை இருபது சுற்று சுற்றினாலும் முனகக்கூட முனகாது.

முதலில் அந்த எஞ்சினைப் பார்த்துவிடுவோம். பரவலாக இருப்பது 6.5 சிசி எஞ்சின். டிவிஎஸ் 50 எஞ்சினில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு, உள்ளங்கையில் அடங்கும். குடிப்பது மெத்தனால், நம் ஊர் விஷச் சாராயச் செய்திகளில் அடிபடுகிற அதே மெத்தனால். கொஞ்சம் நைட்ரோமீத்தேனும், ஐந்தில் ஒரு பங்கு போல எண்ணெயும் அதில் கலந்திருக்கும். பழைய கைகளைக் கேட்டால் எண்ணெய் என்றால் விளக்கெண்ணெய்தான் என்பார்கள். ஆமாம், பாட்டி மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றினாளே, அதேதான்.

இதில் மோட்டார் சைக்கிள் போலப் பொறி பறக்கும் பிளக் கிடையாது. 1947-இல் ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் விற்பனைக்குக் கொண்டுவந்த க்ளோ பிளக் இருக்கிறது. அதற்குள் பிளாட்டினம் கலந்த சின்னக் கம்பிச் சுருள். கிளப்பும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் பேட்டரியால் அதைப் பழுக்க வைக்கிறோம். எஞ்சின் பிடித்ததும் பேட்டரியைக் கழற்றிவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தைத் தொட்டாலே அங்கே சூடு பிறக்கும். ஒவ்வொரு வெடிப்பின் சூடும் அதோடு சேர்ந்துகொள்ளும். விசிற விசிற அணையாத அடுப்புக் கங்கு மாதிரி.

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம். ‘மெத்தனால் மைனஸ் 97 டிகிரி வரை உறையாதே, குளிர் அதை என்ன செய்துவிடும்?’ என்று பிளக்கைச் சந்தேகப்படுகிறோம், புதிது மாற்றுகிறோம், மறுபடி சுற்றுகிறோம். உறைவதைப் பற்றிய கேள்வியே இல்லை இது. எரிவது திரவமல்ல, அதிலிருந்து எழும் ஆவி. பம்ப் ஸ்டவ் பற்றவைத்தவர்களுக்கு இது தெரியும். கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட்டை எரித்து பர்னரைச் சூடாக்காமல் பம்ப் அடித்தால், மண்ணெண்ணெய் திரவமாகவே பீய்ச்சும். மெத்தனால் சுமார் 11 டிகிரிக்குக் கீழே போனால், தீக்குச்சியைக் காட்டினாலும் பற்றும் அளவுக்கு ஆவி விடாது. பெட்ரோலோ மைனஸ் 40-இலும் விடும். போதாததற்கு, ஆவியாவதற்கு மெத்தனால் பெட்ரோலைவிட மூன்று மடங்கு சூட்டை உறிஞ்சும். ஊசி போடுமுன் ஸ்பிரிட் தடவினால் கை ஜில்லென்று ஆகிறதே, அது கார்புரேட்டருக்குள் நடக்கிறது. மார்கழித் தேங்காயெண்ணெய் மாதிரி உள்ளே விளக்கெண்ணெயும் கெட்டிப்பட்டு விசிறியை இழுத்துப் பிடிக்கும்.

ஆக, வைத்தியம் சுலபம். எரிபொருளைக் கிளம்பும்வரை காருக்குள் வெதுவெதுப்பாக வைக்கலாம். பேட்டரி சட்டைப்பையில் இருக்கட்டும். சில்லிட்ட பேட்டரியால் கம்பியைப் பழுக்க வைக்க முடியாது. லைட்டர் திரவம் இரண்டு சொட்டு உள்ளே விட்டால், நம் ஸ்பிரிட் கிண்ணம் செய்த வேலையை அது செய்யும்.

கிளம்பிவிட்டதா? கொண்டாட்டம் வேண்டாம். குளிர்காற்று அடர்த்தியானது. மைனஸ் 15 டிகிரிக் காற்று, 30 டிகிரிக் காற்றைவிட ஒரு லிட்டருக்குச் சுமார் 17 சதவீதம் கனம். எரிபொருளை அளந்துவிடக் கோடையில் திருகிவைத்த ஊசி வால்வு அப்படியே இருந்தால், காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போகாது. எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறையும், இரண்டும் ஒரே குழாயில்தானே வருகின்றன. சுற்றிலும் பனி கிடக்க, எஞ்சின் சூடேறி இறுகி நிற்கும். ஊசியைக் கொஞ்சம் திறந்துவிட வேண்டும். குளிரில்தானே ஓடுகிறது, சூடாகாது என்று நினைத்துக் கெடுத்த எஞ்சின்கள் அநேகம்.

இதனால்தானோ என்னவோ, அங்கே பலர் பனிக்காலத்தை விமானம் கட்டுவதற்கென்றே வைத்துக்கொள்கிறார்கள். பால்சா மரத்தைக் கீறி இறக்கை ஒட்டுவதற்கு நிலவறை போதும். அங்கேயும் ஹீட்டர் வேண்டும். குளிரில் தயிர் உறையச் சுணங்குவதுபோல எபாக்ஸி பசையும் சுணங்கும். ஐந்து நிமிடப் பசை அரைமணி கேட்கும்.

ஏரிக்கே போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நைலான் விசிறி குளிரில் நொறுங்கும், மரவிசிறி மாட்டுங்கள். விரலால் சுற்றாதீர்கள், குச்சியால் சுற்றுங்கள். மரத்துப்போன விரலுக்கு, வெட்டுப்பட்டது பனியில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும்.