ஒரே என்ஜின், இரண்டு கணக்கு: பிக்அப்பில் மேனுவலை ஆட்டோமேட்டிக் முந்திய கதை

இந்தியாவில் விற்கும் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்அப்பின் விவரத்தாளில் ஒரு வரி கொஞ்சம் உறுத்தும். என்ஜின் ஒன்றேதான்: 2.8 லிட்டர் டீசல், 204 குதிரைத்திறன். ஆனால் ஆறு கியர் மேனுவல் வாங்கினால் டார்க் எனப்படும் முறுக்குவிசை 420 நியூட்டன் மீட்டர். ஆறு கியர் ஆட்டோமேட்டிக் வாங்கினால் 500. அச்சுப் பிழை இல்லை. இதே என்ஜின் உள்ள ஃபார்ச்சூனரிலும் இதே கதைதான்.

"லோடு இழுக்கணும்னா மேனுவல்தாங்க. ஆட்டோமேட்டிக் எல்லாம் ஆஃபீஸ் போறவங்களுக்கு" என்பது நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் இன்றும் கேட்கும் பேச்சு. ஒரு காலத்தில் அது நியாயமான பேச்சாகவும் இருந்தது. பிக்அப் வண்டிகளில் அந்தக் கணக்கு தலைகீழாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஓட்டுநர்கள் சோம்பேறிகளாகிவிட்டதால் ஆட்டோமேட்டிக் ஜெயித்தது என்று சொல்வது பாதி உண்மைகூட இல்லை. என்ஜின் தரும் விசையைத் தாங்க முடியாமல் மேனுவல் பின்தங்கியது என்பதுதான் பெரிய காரணம்.

தாங்குவது யார்?

மேனுவல் வண்டியில் என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே இருப்பது கிளட்ச் பிளேட். என்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையில் அது நசுங்கிப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடியை உண்டாக்குவது வெறும் உராய்வு. பிளேட்டின் அகலம் எவ்வளவு, அழுத்தும் ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம் என்பதைப் பொறுத்து, இவ்வளவு முறுக்குவிசையைத்தான் அது தாங்கும் என்று ஒரு வரம்பு உண்டு. அதற்கு மேல் போனால் பிளேட் வழுக்கும். ஸ்பிரிங்கை இன்னும் இறுக்கினால் வழுக்காது. ஆனால் நெரிசலில் நூறு தடவை அந்தப் பெடலை மிதிக்க வேண்டிய இடது கால் என்ன ஆகும்?

இன்னொரு சிக்கல், ஓட்டுகிறவர் கிளட்ச்சை எப்படி விடுவார் என்பது கம்பெனிக்குத் தெரியாது. ஒருவர் பதமாக விடுவார். இன்னொருவர் சேற்றில் சிக்கிய வண்டியை எடுக்க ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு கிளட்ச்சைப் படாரென்று விடுவார். அந்த அடி கியர் பற்கள், ஷாஃப்ட், பின் ஆக்சில் வரை போகும். அதையும் மனத்தில் வைத்துத்தான் மேனுவல் வண்டிக்கு என்ஜின் கம்ப்யூட்டரில் டீசலைக் குறைத்து, முறுக்குவிசைக்கு ஒரு வரம்பு போட்டுவிடுகிறார்கள். ஹைலக்ஸில் காணாமல் போன அந்த 80 நியூட்டன் மீட்டர் என்ஜினுக்குள்ளேயே இருக்கிறது. மேனுவல் வாங்கியவருக்கு அதைத் திறந்துவிடவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் நடந்தது

பிக்அப் என்றால் அமெரிக்கா. இந்த மாற்றத்தை அங்கே ஒரே பெயருள்ள வண்டியில் ஆண்டு போட்டுப் பார்க்கலாம்: கம்மின்ஸ் டீசல் என்ஜின் வைத்த டாட்ஜ் ராம்.

2001-இல் அந்த என்ஜினின் அதிக இழுவை வகை 505 பவுண்டு-அடி, அதாவது சுமார் 685 நியூட்டன் மீட்டர் தந்தது. அது ஆறு கியர் மேனுவலுடன் மட்டுமே கிடைத்தது. ஆட்டோமேட்டிக் கேட்டவர்களுக்கு 460 பவுண்டு-அடிதான். அன்றைய ஆட்டோமேட்டிக் பாக்ஸ் அதற்கு மேல் தாங்காது என்பதுதான் காரணம். ஆட்டோமேட்டிக் இழுக்காது என்ற பேச்சுக்கு அன்று கம்பெனியே எழுதிக் கொடுத்த சாட்சி அது.

2018-க்கு வாருங்கள். அதே ராம், கம்மின்ஸ் 6.7 லிட்டர். மேனுவலில் 660 பவுண்டு-அடி. ஐசின் நிறுவனத்தின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கில் 930. பதினேழு ஆண்டில் கட்சி மாறிவிட்டது. 2019 மாடலில் கம்மின்ஸ் 1,000 பவுண்டு-அடியைத் தொட்டபோது, ராம் கனரக பிக்அப்பில் மேனுவலே இல்லை.

மற்றவர்களும் முன்னும் பின்னுமாகக் கைவிட்டார்கள். ஃபோர்டு எஃப்-150-க்கு மேனுவல் 2008 மாடலோடு முடிந்தது. ஜீப் கிளாடியேட்டர் 2025 மாடலில் விட்டது. டொயோட்டா டகோமா மட்டும் இன்னும் ஆறு கியர் மேனுவலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதிலும் ஆட்டோமேட்டிக்குக்கு 278 குதிரைத்திறன், மேனுவலுக்கு 270. 326 குதிரைத்திறன் தரும் ஹைப்ரிட் வகைக்கு மேனுவல் கிடையவே கிடையாது. மேனுவலில் ஓட்டும் சுகத்துக்காக வாங்குகிறவர்களுக்கு என்றே அதை வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சுமை இழுப்பவரை நினைத்து வைத்ததாகத் தெரியவில்லை.

எண்ணெய் செய்யும் வேலை

ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் பிளேட் இருக்கும் இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. இரண்டு டேபிள் ஃபேன்களை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் ஓடவிட்டால் அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும் அல்லவா? அப்படித்தான் இதுவும். காற்றுக்குப் பதில் எண்ணெய். என்ஜின் ஒரு விசிறியைச் சுற்றுகிறது. அது தள்ளும் எண்ணெய் எதிரே உள்ள விசிறியைச் சுற்றி, கியர் பாக்ஸை ஓட்டுகிறது. நடுவே ஸ்டேட்டர் என்றொரு சக்கரம் உண்டு. திரும்பி வரும் எண்ணெயை அது திசை மாற்றி முதல் விசிறிக்குத் துணையாக அனுப்புகிறது. வண்டி நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது இதனால் முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டு மடங்கு வரை பெருகும்.

பிக்அப்புக்கு இதுதான் முக்கியம். பழைய அமெரிக்க பிக்அப்களில் 'பாட்டி கியர்' என்று செல்லமாக அழைக்கப்பட்ட முதல் கியர் ஒன்று இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் எஸ்எம்465 என்ற நான்கு கியர் பாக்ஸில் அதன் விகிதம் 6.55. அதாவது என்ஜின் ஆறரைச் சுற்று சுற்றினால்தான் வெளியே ஒரு சுற்று. வண்டி ஆள் நடக்கும் வேகத்தில் போகும், ஆனால் எதையும் இழுத்துக்கொண்டு போகும். காலி வண்டியை யாரும் அதில் எடுக்க மாட்டார்கள், நேராக இரண்டாவதில் கிளம்புவார்கள். இன்றைய எஃப்-150-இன் பத்து கியர் ஆட்டோமேட்டிக்கில் முதல் கியர் விகிதம் சுமார் 4.7. கன்வெர்ட்டர் தரும் இரண்டு மடங்கையும் சேர்த்தால், கிளம்பும் அந்த நொடியில் ஒன்பதுக்கு மேல். பாட்டி தோற்றுவிட்டாள்.

எண்ணெய் வழியாக ஓட்டினால் எரிபொருள் வீணாகுமே என்ற பழைய புகார் உண்மையானதுதான். பழைய மூன்று கியர் ஆட்டோமேட்டிக்குகள் டீசலையும் பெட்ரோலையும் குடித்தன. இப்போது வண்டி வேகம் பிடித்ததும் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்கப் கிளட்ச் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடும். கியர்களும் எட்டு, பத்து என்று வந்துவிட்டதால் என்ஜின் தனக்கு வசதியான சுற்றிலேயே ஓடுகிறது. மைலேஜ் வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிட்டது.

ஏற்றத்தில், இறக்கத்தில்

கோத்தகிரி சாலையில் ஒன்றரை டன் சிமெண்ட் ஏற்றிய பிக்அப், கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்காக நிற்கிறது என்று வையுங்கள். முன்னால் ஓர் அடி நகர்ந்தால் இவரும் ஓர் அடி நகர வேண்டும். ஓட்டுநர் ஆஃப் கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறார். பிளேட் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் சூடேறுகிறது. மூன்றாவது வளைவில் கருகிய வாடை கேபினுக்குள் வந்துவிடும். கைதேர்ந்த ஓட்டுநர் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முன்னால் போதிய இடம் கிடைத்த பிறகே எடுப்பார். எல்லோரும் அப்படி எடுப்பதில்லை.

ஆட்டோமேட்டிக்கிலும் இந்தச் சூடு உண்டு. ஆனால் அது எண்ணெயில் இறங்கி, கூலர் வழியாக வெளியே போய்விடும். எண்ணெய் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டித் தொடர்ந்து கொதித்தால் அதுவும் கெடும். அடிக்கடி டிரெய்லர் இழுப்பவர்கள் பெரிய கூலர் பொருத்திக்கொள்வது இதனால்தான்.

இறக்கத்தில் மேனுவலுக்கு ஒரு பலம் உண்டு. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது. ஆட்டோமேட்டிக்கை 'டி'-யில் விட்டுவிட்டு இறங்கினால் பல வண்டிகள் மேல் கியருக்கு மாறி, வேகமெடுக்கும். ஓட்டுநர் பிரேக்கையே நம்பி இறங்குவார், பாதி வழியில் பிரேக் பிடிக்காமல் போகும். லீவரை 'எம்' அல்லது 'எஸ்' பக்கம் தள்ளி, இரண்டாவதில் நிறுத்திவிட்டு இறங்க வேண்டும். சுமை இழுக்கும் பெரிய பிக்அப்களில் இதற்கென ஒரு பட்டனே இருக்கிறது. அதை அழுத்திவிட்டால், இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டதுமே பாக்ஸ் தானாகக் கீழ் கியருக்கு வந்துவிடும்.

சரிவில் நிறுத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது. 'பி'-யில் போட்டால் உள்ளே ஒரு சின்ன இரும்புக் கொக்கிதான் பல்லில் மாட்டி வண்டியைப் பிடிக்கிறது. நிறைசுமையோடு அதை மட்டும் நம்பக் கூடாது. காலால் பிரேக்கைப் பிடித்தபடி நியூட்ரல், பிறகு ஹேண்ட் பிரேக், கால் பிரேக்கை விட்டு வண்டியின் கனம் ஹேண்ட் பிரேக்கில் உட்கார்ந்த பிறகு 'பி'.

அப்படியானால் குட்டியானைக்கு?

இவ்வளவு சொன்ன பிறகும், நம் தெருவில் ஓடும் குட்டியானை எனப்படும் டாடா ஏஸ், பொலிரோ பிக்அப், ஓசூரில் தயாரான அசோக் லேலண்ட் தோஸ்த் வண்டிகளில் மேனுவல் ஓடுவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. அவற்றின் என்ஜின்கள் சிறியவை. அவை தரும் முறுக்குவிசையைச் சாதாரண கிளட்ச் பிளேட் தாராளமாகத் தாங்கும். விலையில் சில பத்தாயிரம் ஏறினாலே வாங்குபவர் தவணைக் கணக்கைத் திரும்பப் போடுவார். பிளேட் போனால் மேட்டுப்பாளையத்திலும் மாற்றலாம், மணப்பாறையிலும் மாற்றலாம். ஆட்டோமேட்டிக்கின் வால்வு பாடி கெட்டால் வண்டியைப் பெரும்பாலும் நகரத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோவதிலும் கவனம் தேவை. பாக்ஸுக்குள் எண்ணெயைத் தள்ளும் பம்ப் என்ஜினோடு சுற்றுவது. என்ஜின் நின்ற வண்டியைப் பின்சக்கரம் தரையில் உருள நெடுந்தூரம் கட்டி இழுத்தால் பாக்ஸ் எண்ணெயின்றித் தேயும். பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதும் மேனுவலில்தான் நடக்கும்.

இசுசூ வி-கிராஸின் 1.9 லிட்டர் என்ஜினைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். எல்லைக்கு அப்பால் ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாராகும் அந்த வண்டி, மேனுவலிலும் ஆட்டோமேட்டிக்கிலும் ஒரே 360 நியூட்டன் மீட்டர்தான் தருகிறது. அந்த அளவு வரை கிளட்ச்சுக்குச் சிரமமில்லை. அங்கே எதை வாங்குவது என்பது விலையும் விருப்பமும். 420-ஐத் தாண்டும் என்ஜினில், தோப்பிலிருந்து டிரெய்லர் இழுக்கவோ மலையேறவோ வாங்குகிறவர் பணம் இருந்தால் ஆட்டோமேட்டிக்கையே எடுக்கலாம் என்பது என் கருத்து.

மின்சார வண்டிகளில் இந்த வழக்கே எழாது. மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்குவிசையும் தருவதால், 2022-இல் வந்த டாடா ஏஸ் இ.வி.யில் கிளட்ச்சும் இல்லை, மாற்றுவதற்குக் கியரும் இல்லை.

பழைய பிக்அப் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சோதனை. மேனுவல் என்றால், லேசான மேட்டில் நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரை முழுக்க மிதியுங்கள். என்ஜின் சத்தம் ஏறி வண்டி ஏறவில்லை என்றால் பிளேட் முடிந்துவிட்டது, அதற்கான செலவை விலையில் கழித்துக்கொள்ளலாம். ஆட்டோமேட்டிக் என்றால் மெக்கானிக்கை விட்டுப் பாக்ஸ் எண்ணெயைக் கொஞ்சம் எடுத்து வெள்ளைத் துணியில் விடச் சொல்லுங்கள். சிவப்பு எண்ணெய் சிவப்பாகவே இருந்தால் மேற்கொண்டு பேசலாம். கறுத்து, கருகிய வாடை அடித்தால் விலை பேசாமலே கிளம்பிவிடுங்கள்.