ட்ரோன் பறக்கும்போது யாராவது சண்டைக்கு வந்தால்?

கம்ப்யூட்டரும் ஸ்மார்ட் போனும் பழகியவர்கள் அடுத்து ஆசைப்படும் பொருட்களில் கேமரா ட்ரோனும் ஒன்றாகிவிட்டது. போனில் அப்ளிகேஷனை இன்ஸ்டால் செய்து, பேட்டரியை சார்ஜ் செய்து, இரண்டு ஸ்டிக்குகளையும் இயக்கப் பழகுவது ஒரு மாலை நேர வேலைதான். மேனுவலில் இல்லாத ஒரு சிக்கல் மட்டும் வெளியே காத்திருக்கிறது. ட்ரோன் மேலே போன ஐந்தாவது நிமிடம் யாராவது ஒருவர் நம்மை நோக்கி வேகமாக நடந்து வருவார். பாராட்ட வரவில்லை என்பது முகத்திலேயே தெரியும்.

எனக்கு இது ஓர் ஏரிக்கரையில் நடந்தது. "என்னப்பா, எங்க வீட்டையா படம் புடிக்கிற? பொம்பளப் பிள்ளைங்க குளிக்கிற இடம் இருக்கு, தெரியுமா?" என்று ஒரு பெரியம்மா கோபமாகக் கேட்டார். நான் எடுத்துக் கொண்டிருந்தது ஏரியைத்தான். பதில் சொல்லத் திரும்பியபோது விரல் ஸ்டிக்கில் அழுந்தி, ட்ரோன் பக்கத்துப் புளியமரத்தில் உரசி விழுந்தது. இரண்டு புரொபெல்லர்கள் போயின. யாராவது ட்ரோன் வாங்கியதாகச் சொன்னால் நான் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

முதலில் இறக்குங்கள்

பேச்சைத் தொடங்கும் முன் ட்ரோன் தரைக்கு வர வேண்டும். ஜி.பி.எஸ். உள்ள ட்ரோன் என்றால் ஸ்டிக்கிலிருந்து விரலை எடுத்தாலே அது இருந்த இடத்தில் அப்படியே நிற்கும். "ஐயா, ரெண்டு நிமிஷம், இதை இறக்கிட்டு வந்து பேசுறேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதிக் கோபம் தணிவதைப் பார்த்திருக்கிறேன். ஜி.பி.எஸ். இல்லாத விலை குறைந்த பொம்மை ட்ரோன் காற்றில் நகர்ந்து கொண்டே இருக்கும் என்பதால், அதை விட்டுவிட்டுப் பேசவே முடியாது.

இங்கே புதியவர்கள் செய்திடும் ஒரு தவறு உண்டு. பதட்டத்தில் ரிடர்ன் டு ஹோம் பட்டனை அழுத்துவார்கள். அது ட்ரோனை எங்கே கொண்டு வரும்? நீங்கள் கிளப்பிய இடத்திற்கு. இப்போது அங்கேதான் நீங்களும், கோபமாக வந்தவரும், வேடிக்கை பார்க்க வந்த பத்துப் பேரும் நிற்கிறீர்கள். சுழலும் புரொபெல்லர் விரலைக் கிழித்துவிடும். எனவே இருபது அடி தள்ளி, ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நீங்களே கையால் ஓட்டி இறக்குங்கள். பட்டனை ஏற்கனவே அழுத்தியிருந்தால், பெரும்பாலான மாடல்களில் அதே பட்டனை மீண்டும் அழுத்தி நிறுத்தலாம். பேட்டரி குறைந்தாலும் ட்ரோன் தானாகவே இப்படித் திரும்பத் தொடங்கும் என்பதால், வாக்குவாதத்தை நீட்டிக் கொண்டிருப்பது ஆபத்து.

(கோபக்காரர்களைவிடச் சிறுவர்கள்தான் அதிகம் கிட்டே வருவார்கள். கூட்டத்தில் பெரிய பையன் ஒருவனிடம் "தம்பி, யாரும் இந்தக் கோட்டைத் தாண்டாம பாத்துக்க" என்று பொறுப்பைக் கொடுத்தால் போதும்.)

கேமராவில் என்ன தெரியும்?

வருகிறவரின் பயம் பெரும்பாலும் ஒன்றுதான்: "என்னைப் படம் எடுக்கிறான்." இதில் எவ்வளவு உண்மை என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறிய கேமரா ட்ரோன்களில் பெரும்பாலும் 24 எம்.எம். லென்ஸுக்கு இணையான அகன்ற பார்வை கொண்ட லென்ஸ் இருக்கும். 120 மீட்டர் உயரத்திலிருந்து நேர் கீழே பார்த்தால் தரையில் சுமார் 180 மீட்டர் அகலம் படத்தில் அடங்கும். 4கே வீடியோவின் அகலம் 3840 பிக்ஸல்கள். ஆக ஒரு பிக்ஸல் என்பது தரையில் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர். ஒரு மனிதத் தலை நான்கு பிக்ஸல்தான். யார் என்று சொல்லவே முடியாது.

ஆனால் அதே ட்ரோன் 10 மீட்டருக்கு இறங்கினால் ஒரு பிக்ஸல் 4 மில்லிமீட்டர். தலைக்கு ஐம்பது பிக்ஸல். தெரிந்தவர்கள் எளிதாக அடையாளம் கண்டுகொள்வார்கள். ஏரிக்குப் போகும் வழியில் அந்தப் பெரியம்மாவின் கொல்லையைத் தாழ்வாகத்தான் கடந்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. அவர் கேட்டது நியாயமான கேள்வி.

எனவே இந்தக் கணக்கை வாயால் விளக்கி வாதாட வேண்டாம். திரையைக் காட்டுங்கள். எடுத்த வீடியோவை அவர் கையிலேயே கொடுத்து ஓடவிடுங்கள். பெரியம்மா முழுவதையும் பார்த்தார். "அது எங்க மாட்டுக் கொட்டாய்தானே?" என்று கேட்டார். அதன்பின் என் உடைந்த புரொபெல்லரைத் தேட அவர் பேரனை அனுப்பினார்.

அழிக்கச் சொன்னால்

தன் வீட்டு முற்றம் வரும் பத்து வினாடியை அழிக்கச் சொன்னால் அழித்துவிடுவதே நல்லது. ஆனால் எங்கே அழிக்கிறீர்கள் என்று கவனியுங்கள். போனில் பார்ப்பது பெரும்பாலும் தரம் குறைந்த நகல்தான். ஒரிஜினல் பைல் ட்ரோனில் உள்ள மெமரி கார்டில் இருக்கும். போன் காலரியில் மட்டும் அழித்துவிட்டு "போய்விட்டது" என்று சொன்னால், தெரியாமலே பொய் சொன்னவர் ஆவீர்கள். ட்ரோனை ஆன் செய்து, அப்ளிகேஷனின் ஆல்பம் பகுதியில் கார்டில் உள்ள பைலைத் தேர்ந்தெடுத்து, அவர் கண் முன் டெலீட் செய்திட வேண்டும்.

யாராவது உங்களை அடித்திருந்தாலோ, ட்ரோனை உடைத்திருந்தாலோ எதையும் அழிக்காதீர்கள். மிரட்டலுக்குப் பயந்து அழித்துவிட்டால், அந்தக் கார்டில் மேற்கொண்டு எதையும் பதியாமல் தனியே எடுத்து வையுங்கள். அழிந்த இடத்தில் வேறு பைல் எழுதப்படாத வரை, ரெகவரி சாப்ட்வேர் மூலம் மீட்க வாய்ப்பு உண்டு.

சாட்சி சொல்லும் பைல்கள்

பல ட்ரோன்களின் அப்ளிகேஷன், ஒவ்வொரு பயணத்திலும் சென்ற பாதை, உயரம், நேரம் ஆகியவற்றைப் பதிந்து வைக்கும். டி.ஜே.ஐ. போன்றவற்றில் கேமரா செட்டிங்ஸ் சென்று வீடியோ சப்டைட்டில் என்பதை ஆன் செய்தால், வீடியோவுடன் எஸ்.ஆர்.டி. என்ற சப்டைட்டில் பைலும் உருவாகும். இரண்டையும் ஒரே பெயரில் ஒரே போல்டரில் வைத்து வி.எல்.சி. பிளேயரில் திறந்தால், ஒவ்வொரு காட்சியின் கீழும் இடமும் உயரமும் எழுத்தாக ஓடும். நோட்பேடிலும் திறந்து படிக்கலாம். போலீஸ் நிலையம் வரை போக நேர்ந்தால் இது உதவும்.

ஓரளவுதான் உதவும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2015 ஜூலையில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒருவர், தன் வீட்டின் மேல் பறந்த ட்ரோனைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். ட்ரோன் உயரத்தில்தான் பறந்தது என்று உரிமையாளர் பதிவுகளைக் காட்டினார். மரங்களுக்குக் கீழே வந்ததைக் கண்டதாக இருவர் சாட்சி சொன்னார்கள். நீதிபதி அவர்கள் சொன்னதை ஏற்று, சுட்டவர் மீதான வழக்கைத் தள்ளுபடி செய்தார். அதற்கு முந்தைய ஆண்டு கனெக்டிகட் மாநிலக் கடற்கரையில் நடந்தது வேறு மாதிரி. ட்ரோனில் ஆட்களைப் படம் எடுக்கிறான் என்று ஒரு பெண் போலீசுக்குப் போன் செய்துவிட்டு, ஓட்டிய இளைஞனைத் தாக்கினார். அவன் அதைத் தன் செல்போனில் பதிந்திருந்தான். வழக்கு அந்தப் பெண் மீது பதிவானது. ஆக, வாக்குவாதம் முற்றினால் போனில் ரெக்கார்டிங்கை ஓடவிடுங்கள். ஆனால் அதை எதிராளியின் முகத்தெதிரே நீட்ட வேண்டாம். சண்டை பெரிதாகத்தான் செய்யும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2021 ஆகஸ்டில் வெளியான ட்ரோன் விதிகளின்படி, எடை 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோ ட்ரோனுக்கும், வணிக நோக்கமின்றிப் பறக்கும் மைக்ரோ ட்ரோனுக்கும் பைலட் சான்றிதழ் தேவையில்லை. வான்வெளி வரைபடத்தில் பச்சையாக உள்ள இடங்களில் 400 அடி வரை பறக்கலாம். விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் 200 அடிதான். அந்தப் பக்கத்தை ஸ்கிரீன் ஷாட் எடுத்துப் போனில் வைத்திருங்கள். ஆனால் காவல்துறை கண்காணிப்பாளர் நிலையில் உள்ள அதிகாரி எந்த இடத்தையும் 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். எனவே போலீஸ்காரர் இறக்கச் சொன்னால், நேற்றைய ஸ்கிரீன் ஷாட்டை நீட்டி வாதாடாமல் இறக்கிவிடுங்கள்.

ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அனுமதியின்றிப் படம் எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வேண்டுமென்றே செய்தால்தான் குற்றம் என்றாலும், குளியலறைக்குக் கூரையில்லாத கிராமத்து வீடுகளின் மேல் பறக்காமல் இருப்பதே நல்லது.

வெளியூர் என்றால் கிளம்பும் முன் டீக்கடையிலோ கோயில் திண்ணையிலோ நாலு பேரிடம் சொல்லிவிடுங்கள். நிலத்தை அளக்க வந்திருக்கிறார்களோ என்ற பயம் விவசாயிகளுக்கு உண்டு. இரவில் வேண்டவே வேண்டாம். 2025 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மேற்கு உத்தரப் பிரதேசத்தில், திருடர்கள் ட்ரோனில் வீடுகளை நோட்டம் விடுவதாக வதந்தி பரவி, ஊர்க்காரர்கள் விடிய விடியக் காவல் இருந்தார்கள். ஒரு சம்பந்தமும் இல்லாத வழிப்போக்கர்கள் அடி வாங்கினார்கள்.

அப்படிப்பட்ட கூட்டம் கூடிவிட்டால் விளக்கம் சொல்ல நிற்காதீர்கள். கண்ட்ரோலரையும் போனையும் எடுத்துக் கொண்டு நகருங்கள். ட்ரோன் இன்னும் மேலே இருந்தால் எங்காவது திறந்த வயலில் இறக்கிவிட்டு, 112க்குப் போன் செய்திடுங்கள். அது கடைசியாக இருந்த இடத்தை அப்ளிகேஷன் மேப்பில் காட்டும். போலீசார் வந்தபின் அவர்களோடு போய் எடுத்துக் கொள்ளலாம்.