மானம் என்னும் மூலதனம்: ‘இத்தாலியப் பாணி விவாகரத்து’

பியெத்ரோ ஜெர்மியின் ‘இத்தாலியப் பாணி விவாகரத்து’ (1961) ஆண்மையின் நெருக்கடியை இருண்ட அங்கதமாக்கிய திரைப்படமாகும். இத்தாலியில் விவாகரத்துச் சட்டம் 1970இலேயே நிறைவேறிற்று. ஆயின், மனைவியின் கள்ளத்தொடர்பை அறிந்த சினத்தில் மானங்காக்கக் கொன்றவனுக்குத் தண்டச்சட்டக் கோவையின் 587ஆம் பிரிவு 3 முதல் 7 ஆண்டுச் சிறையையே விதித்தது.

சிசிலியின் நலிந்த பிரபு பெர்டினாண்டோ (மார்ச்செல்லோ மஸ்ட்ரோயானி) இளம் உறவுப்பெண் அஞ்சேலாவை விரும்புகிறான். எனவே, மனைவியின் பழைய அன்பனைச் சித்திர வேலைக்கென வீட்டுக்கு வரவழைக்கிறான். அவள் ஓடிப்போனதும் ஊர் எள்ளுகிறது. அவனோ அவ்வவமானத்துக்கே காத்திருந்தவன். மானத்தை முதலில் இழந்தாலன்றிக் கொலையால் மீட்க இயலாதல்லவா?

இங்கு மானம் தனிமனித உணர்வன்று. உழைப்பை அறியாது தேய்ந்துவரும் நிலமானிய வர்க்கத்து ஆணிடம் எஞ்சிய மூலதனம். அதன் பெறுமதியை நிர்ணயிப்பன ஊர்வாயும் நீதிமன்றமும். விலையைச் செலுத்துபவள் பெண். கொலைகாரனின் தந்திரத்துக்குச் சிரிக்கும் நாமும் அவ்வூராருள் ஒருவராகிறோம். இதுவே படத்தின் கூர்மை.

இறுதிக்காட்சியில், புதுமனைவி அஞ்சேலாவின் பாதம் இளம் படகோட்டியின் பாதத்தைத் தீண்டுகிறது. வென்றவன் தோற்கத் தொடங்குகிறான். 587ஆம் பிரிவோ 1981 வரை நீடித்தது.