உங்களுக்குத் தெரியுமா? கொங்கு நாட்டுப் பள்ளிக்கூடங்கள்

● 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கோவை மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 84 விழுக்காடு. பக்கத்து ஈரோடு 73-ஐக்கூட எட்டவில்லை. மாநில அளவே 80. மஞ்சளும் ஜவுளியும் கோடிகளில் கைமாறும் ஊர் ஈரோடு. பணம் புழங்கினால் படிப்பு தானாக வந்துவிடாது.

● உலகில் 25 கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே இருப்பதாக யுனெஸ்கோ கணக்கிடுகிறது. போரும் பஞ்சமும் பள்ளியைப் பறித்த நாடுகள் பல. கொங்கில் நடந்தது வேறு: பள்ளி பக்கத்தில்தான் இருந்தது, வேலை அதைவிடப் பக்கத்தில் இருந்தது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் விசைத்தறிக் குடும்பங்கள் முதலாளியிடம் முன்பணம் வாங்கும். அது அடைகிறவரை வேறு தறிக்குப் போக முடியாது. அப்பன் தறி ஓட்ட, அம்மா தார் சுற்ற, பிள்ளையும் கூடமாட நிற்கும். அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று எந்த வாத்தியாரும் திட்டக் கூடாது.

● 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 3 மணி நேரம்தான் பள்ளி. மிச்ச நேரம் வீட்டுத் தொழில். ‘குலக்கல்வி’ என்று எதிர்ப்பு வெடித்தது. 1954-இல் காமராஜர் அரசு அதைக் கைவிட்டதை அறிவித்த கல்வி அமைச்சர், பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம். ராஜாஜி அமைச்சரவையிலும் இருந்தவர் அவர்.

● மதிய உணவு 1956-இல் வந்தது. காலை உணவு வர 2022 ஆனது! வெறும் வயிற்றோடு முதல் பாடவேளையைக் கடந்த தலைமுறைகள் எத்தனை.

● 2000-களில் கொங்கு நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ பரவியது. தென்மாவட்டங்களிலிருந்தும் பெண் பிள்ளைகளை அழைத்து வந்து விடுதியில் தங்கவைப்பார்கள். 3 ஆண்டு வேலை முடித்தால் கல்யாணச் செலவுக்கு 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகத் தருவதாகச் சொல்வார்கள். இடையில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பிய பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. அவர்களில் பலர் புத்தகப் பையை இறக்கிவைத்த கையோடு மில்லுக்கு வந்தவர்கள்.

● கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. அது காப்பது 6 முதல் 14 வயது வரை மட்டும். மில் வாசல் திறக்கும் வயதில் சட்டம் கையை விட்டுவிடுகிறது. இந்த வயது வரம்பை உயர்த்தியே ஆக வேண்டும்.

● செங்கல் சூளைப் பருவம் பொங்கலை ஒட்டித் தொடங்கிக் கோடை மழை வரை ஓடும். பள்ளியாண்டோ ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடியும். சூளைக்கு வரும் குடும்பத்துப் பிள்ளை சொந்த ஊரில் பள்ளியாண்டின் கடைசி மாதங்களை இழக்கிறது; இங்கே பரீட்சை நெருங்கும்போது வந்து நிற்கிறது. ஒடிசா, பீகார் பிள்ளை என்றால் பலகையில் இருக்கும் எழுத்தே புதிது.

● ஈரோடு மாவட்டத்துத் தாளவாடி மலையில் வீட்டுப்பேச்சு பெரும்பாலும் கன்னடம். மொழிச் சிக்கல் வெளிமாநிலத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் வந்ததல்ல.

● நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகள் சிலவற்றில் பிளஸ் ஒன் பாடத்தையே ஒதுக்கிவிட்டு, 2 ஆண்டும் பிளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்தார்கள். அதைத் தடுக்கவே பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டு 2018 மார்ச்சில் முதன்முதலாக நடந்தது. 2025-இல் மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை நீக்கியது. பிள்ளைகளின் சுமை குறைந்தது நல்லதுதான். பழைய குறுக்குவழி திரும்பாமல் யார் பார்த்துக்கொள்வார்கள்?

● கோவை அரசு கலைக் கல்லூரி 1852-இல் சிறு பள்ளியாகத் தொடங்கியது. அங்கேதான் 2024 ஆகஸ்ட் 9-இல் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் தொடங்கப்பட்டது: அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் மாணவருக்கு மாதம் 1,000 ரூபாய். மாணவியருக்கான ‘புதுமைப் பெண்’ 2022-லேயே வந்துவிட்டது. மில்லில் இரண்டு மூன்று நாள் கூலிதான் அந்த 1,000 ரூபாய். ஆனாலும் பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் வீட்டில் கை ஏந்த வேண்டியதில்லை.