ஏரியா 2: ஒரு காவல் மாவட்டத்தின் இரண்டு வரலாறுகள்



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு ஒரு காவல் மாவட்டத்தின் வரலாற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். அது அமெரிக்காவின் சிகாகோ நகரில் இருக்கிறது. நம்மூர் லாக்கப்புகளைப் பற்றிப் பேச எவ்வளவோ இருக்க, ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கேட்பீர்கள். அங்கே சித்திரவதைக்கு உள்ளானவர்களே தங்கள் காவல் மாவட்டத்தின் வரலாற்றைத் திருத்தி எழுத வைத்தார்கள். அதை எப்படிச் செய்தார்கள் என்பது நமக்குத் தேவைப்படும் பாடம்.

சிகாகோ நமக்கு அந்நியமான ஊரும் அல்ல. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் எழுந்தபோது, பெயரையும் உந்துதலையும் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்தே பெற்றார்கள். அந்தக் கறுப்புச் சிறுத்தைகளின் இளம் தலைவர் ஃப்ரெட் ஹாம்ப்டன் 1969 டிசம்பர் 4 அதிகாலையில், சிகாகோவில் தன் படுக்கையிலேயே காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்காக நீதிமன்றத்தில் போராடிய 'மக்கள் சட்ட அலுவலகம்' என்ற வழக்கறிஞர் குழுதான் பின்னாளில் ஏரியா 2 வழக்குகளையும் கையில் எடுத்தது.

சென்னையைத் துணை ஆணையர்களின் கீழ் காவல் மாவட்டங்களாகப் பிரித்திருப்பது போலவே சிகாகோவும் மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பல மாவட்டங்களைச் சேர்த்து 'ஏரியா' என்பார்கள். கொலை, கொள்ளை வழக்குகளைப் புலனாய்வு செய்யும் துப்பறிவாளர்கள் ஏரியா அளவில் இயங்குவார்கள். நகரின் தெற்குக் கோடி ஏரியா 2. உருக்காலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் நிறைந்திருந்த பகுதி அது.

1953இல் அங்குள்ள டிரம்புல் பார்க் அரசுக் குடியிருப்பில் முதன்முதலாக ஒரு கறுப்பினக் குடும்பம் குடியேறியது. வெள்ளையர்கள் கும்பலாகக் கூடிக் கல்லெறிந்தார்கள். நூற்றுக்கணக்கில் போலீஸ் நின்றது. ஆனாலும் அந்த வெறி ஆண்டுக்கணக்கில் ஓயவில்லை. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் கோடு கிழித்து வாழும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிறகு வந்த ஆண்டுகளில் வெள்ளையர்கள் புறநகர்களுக்குப் போனார்கள். ஏரியா 2இன் பெரும்பகுதி கறுப்பின மக்களின் பகுதியாயிற்று. மக்கள் மாறினார்கள், துப்பறிவாளர்கள் பெரும்பாலும் வெள்ளையர்களாகவே இருந்தார்கள்.

அதே தெற்குக் கோடியில் வளர்ந்தவர் ஜான் பர்ஜ். வியட்நாம் போரில் இராணுவப் போலீசாக இருந்தார். 1970இல் சிகாகோ காவல்துறையில் சேர்ந்து, 1972இல் ஏரியா 2இன் துப்பறிவாளர் ஆனார். வன்குற்றப் பிரிவுக்குத் தலைவரானார். 1988இல் இன்னொரு ஏரியாவின் துப்பறியும் பிரிவு முழுவதற்கும் தலைமை ஏற்றார். பாராட்டுகள் வாங்கினார். காவல்துறை எழுதிய வரலாறு இது.

அந்த இருபது ஆண்டுகளில், அவரிடமும் அவருக்குக் கீழிருந்த துப்பறிவாளர்களிடமும் சிக்கிய நூற்றுக்கும் மேற்பட்டோர் சித்திரவதைக்கு உள்ளானார்கள். ஏறக்குறைய எல்லோரும் கறுப்பின ஆண்கள். கையால் சுழற்றும் சிறு கருவியால் உடலில் மின்சாரம் பாய்ச்சினார்கள். முகத்தைப் பிளாஸ்டிக் உறையால் மூடினார்கள். வாயில் துப்பாக்கியைத் திணித்தார்கள். சொல்லிக் கொடுத்த வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அந்தக் கையெழுத்தை வைத்தே பலரை ஆயுள் சிறைக்கும், சிலரை மரண தண்டனைக்கும் அனுப்பினார்கள்.

இது யாருக்கும் தெரியாமல் நடந்ததா? 1982 பிப்ரவரியில் இரண்டு காவலர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் ஆண்ட்ரூ வில்சன் என்பவரைப் பிடித்தார்கள். சிறை மருத்துவமனையின் தலைமை மருத்துவர் ஜான் ராபா அவர் உடலில் இருந்த காயங்களையும் தீக்காயங்களையும் பார்த்துவிட்டு, விசாரிக்கச் சொல்லிக் காவல்துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். காவல்துறைத் தலைவர் அதைத் தலைமை அரசு வழக்கறிஞர் ரிச்சர்ட் எம். டேலிக்கு அனுப்பினார். டேலி பர்ஜ் மீது வழக்குப் போடவில்லை. பின்னாளில் அவரே 22 ஆண்டுகள் சிகாகோ மேயராக இருந்தார். ஆகவே ஏரியா 2ஐ ஒரு கொடியவரின் கதையாகச் சுருக்கிவிடக் கூடாது. காவல் நிலையத்தில் அடித்தவர் சிலர். கடிதத்தைக் கை மாற்றியவர், வாக்குமூலத்தை ஏற்ற நீதிபதி, பதவி உயர்வு கொடுத்த அதிகாரி என்று நீளும் வரிசை பெரியது.

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் போலீசிடம் கொடுத்த வாக்குமூலம், தானாகக் கொடுத்தது என்று நீதிபதி நம்பினால், சாட்சியமாக நிற்கும். நம் நாட்டில் 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதைத் தடுத்தது. அப்படியானால் இங்கே ஏன் அடிக்கிறார்கள்? 27ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்தது. குற்றம் சாட்டப்பட்டவர் சொன்னதைக் கொண்டு ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அது தொடர்பாகச் சொன்ன பகுதி செல்லும். 2023இல் வந்த புதிய சட்டத்திலும் இந்தத் தடையும் கதவும் தொடர்கின்றன. அங்கே கையெழுத்துக்காக அடித்தார்கள். இங்கே நகைக்காகவும் கத்திக்காகவும் அடிக்கிறார்கள்.

ஏரியா 2இன் சுவர் எப்படி உடைந்தது? 1987இல் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் வில்சனின் வாக்குமூலத்தை ஏற்க மறுத்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. மறுவிசாரணையிலும் அவர் குற்றவாளி என்றே தீர்ப்பு வந்தது; ஆயுள் தண்டனை பெற்று, 2007இல் சிறையிலேயே இறந்தார். ஆனாலும் சிறையிலிருந்தபடி பர்ஜ் மீதும் நகரத்தின் மீதும் இழப்பீட்டு வழக்குப் போட்டார். கொலைக் குற்றவாளி ஒருவரின் உடம்பும் சட்டத்தின் பாதுகாப்புக்குள்தான் வரும் என்பதே அந்த வழக்கின் அடிப்படை. நல்லவர்களுக்கு மட்டும் மனித உரிமை கேட்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

1989இல் அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, மக்கள் சட்ட அலுவலகத்துக்குப் பெயரில்லாக் கடிதங்கள் வந்தன. எழுதியவர் காவல்துறைக்கு உள்ளே இருந்தவர் என்பது வாசகங்களிலேயே தெரிந்தது. சித்திரவதைக்கு உள்ளான இன்னொருவரைத் தேடும்படி ஒரு கடிதம் சொன்னது. அவரைக் கண்டுபிடித்தார்கள், அவர் இன்னும் சிலரைச் சொன்னார். ஒருவர் சொன்னபோது பொய் என்றார்கள். ஒருவரை ஒருவர் அறியாத பலர் ஒரே கருவியை, ஒரே உறையை, ஒரே பெயர்களைச் சொன்னபோது அப்படித் தள்ள முடியவில்லை. 1990 ஜனவரியில் பத்திரிகையாளர் ஜான் கான்ராய் 'சிகாகோ ரீடர்' வார இதழில் இதை விரிவாக எழுதினார். அதே ஆண்டு காவல்துறையின் சொந்த விசாரணைப் பிரிவே, ஏரியா 2இல் சித்திரவதை முறையாகவே நடந்தது என்று அறிக்கை கொடுத்தது. 1993இல் பர்ஜ் பணிநீக்கம் செய்யப்பட்டார். 1998இல் மரண தண்டனைக் கொட்டடியில் இருந்தவர்களே 'டெத் ரோ 10' என்று அமைப்பானார்கள். அவர்களுடைய தாய்மார்கள் தெருவில் நின்றார்கள். 2003 ஜனவரியில் ஆளுநர் ஜார்ஜ் ரயன் அவர்களில் நான்கு பேருக்கு முழு மன்னிப்பு வழங்கினார்.

ஏரியா 2இல் கறுப்பினத் துப்பறிவாளர்களும் இருந்தார்கள். அலறல் தங்கள் காதில் விழுந்ததாக அவர்களில் சிலர் ஓய்வுபெற்ற பிறகுதான் வாக்குமூலம் கொடுத்தார்கள். அவர்களைத் திட்டுவது எளிது. நம் வீட்டுப் பிள்ளைகளும் காக்கி உடுத்துகிறார்கள். ஒரு நிறுவனத்துக்குள் போவதும், அதற்குள் வாய் திறந்து பேசும் வலிமை பெறுவதும் ஒன்றல்ல.

தண்டனை என்று பார்த்தால் மிகக் குறைவு. சித்திரவதைக்கு வழக்குத் தொடரும் காலக்கெடு முடிந்துவிட்டது. சித்திரவதையே நடக்கவில்லை என்று பொய்ச் சத்தியம் செய்ததற்காக 2010இல் பர்ஜ் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. நான்கரை ஆண்டு சிறை. ஓய்வூதியத்தை யாரும் நிறுத்தவில்லை. 2018இல் இறந்தார்.

ஆனால் பிழைத்தவர்கள் ஒரு தீர்ப்போடு நிற்கவில்லை. 2015 மே 6 அன்று சிகாகோ நகர மன்றம் ஓர் ஈட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. 55 லட்சம் டாலர் ஒதுக்கி, 57 பேருக்கு இழப்பீடு. நகரத்தின் பெயரில் மன்னிப்பு. பிழைத்தவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் நகரக் கல்லூரிகளில் இலவசக் கல்வி. மனநல ஆலோசனைக்கு ஒரு மையம். ஒரு நினைவுச் சின்னம். வாக்களித்த பிறகும் அது பல ஆண்டுகள் இழுத்தடிக்கப்பட்டது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அரசுப் பள்ளிகளில் 8ஆம், 10ஆம் வகுப்புகளில் ஏரியா 2 பாடமாக வந்தது. இழப்பீட்டுத் தொகை செலவாகிவிடும். பாடம் ஒவ்வொரு ஆண்டும் புதிய பிள்ளைகளிடம் போகும்.

இந்தியா சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்டது. அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. சித்திரவதைக்கென்று தனிச் சட்டமும் இல்லை. ஆனாலும் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த கட்டளைகள் இருக்கின்றன. கைதுக் குறிப்பாணை, அதில் சாட்சியின் கையெழுத்து, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. இவற்றை வைத்து மாணவத் தோழர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. உங்கள் பகுதிக் காவல் நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அடிபட்டவர்களைத் தேடிப் போய், அவர்கள் சம்மதத்தோடு, தேதி, நேரம், காயம், பார்த்த மருத்துவர், நிறுத்திய நீதிமன்றம் என்று எழுதி வையுங்கள். ஒருவருடைய குறிப்பை இன்னொருவருடையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தலித் இலக்கியம் தன்வரலாறுகளால் வளர்ந்தது. தனி ஒருவரின் வலியாகத் தோன்றியது ஒரு சமூகத்தின் வலி என்று நிறுவியது அந்த எழுத்து. ஏரியா 2இல் பிழைத்தவர்கள் செய்ததும் அதுதான். பதவி உயர்வுகளின் வரலாற்றைக் காவல்துறை எழுதி வைத்துக்கொள்கிறது. மற்றதை நாம் எழுதியாக வேண்டும்.

ஜெய்பீம்.