புயலுக்குப் பின் பீங்கான் பயிற்சி

2011 டிசம்பர் 30-ஆம் நாள் காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ‘தானே’ புயல் கரையைக் கடந்தது. வீழ்ந்த பலாவையும் முந்திரியையும் கணக்கெடுத்தார்கள். சரிந்த கூரைகளையும் எண்ணினார்கள். இத்தகைய புயலில், அறிவுசார் குறைபாடுடைய ஓர் இளைஞர் நாள்தோறும் சென்றுவந்த பட்டறை மூடப்பட்டால் அந்த இழப்பு எந்தக் கணக்கில் சேரும்? நேரமும் வழியும் வேலையின் வரிசையும் மாறாதிருப்பதே அவருக்குப் பெருந்துணை. புயல் முதலில் குலைப்பது அதைத்தான்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேரிடர்க் காலத்தில் இவர்களுக்குச் சமமான பாதுகாப்பு வேண்டும் என்கிறது. மாவட்டந்தோறும் இவர்களைப் பற்றிய பதிவேடு இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. அப்பதிவேட்டில் அவர் பழகிய தொழிலையும் ஒரு வரி எழுதி வைக்கலாம் என்பேன். மீண்டும் பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது என்று அப்போது தெரியும்.

விருத்தாசலத்தில் அத்தொழில் பீங்கானாக இருக்கலாம். அருகிலுள்ள நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியோடு வெண்களிமண்ணும் கிடைப்பது இத்தொழிலுக்கு வாய்ப்பாயிற்று. பொம்மை வார்க்கும் முறையைப் பாருங்கள். களிமண் குழம்பைப் பாரிஸ் சாந்தால் செய்த அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சிலுள்ள நுண்துளைகள், மையொற்றும் தாளைப்போல, நுண்புழைக் கவர்ச்சியால் நீரை இழுத்துக்கொள்கின்றன. உட்சுவரில் களிமண் ஏடாகப் படிகிறது. போதிய கனம் வந்ததும் எஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிட வேண்டும்.

படிந்த ஏடே மேற்கொண்டு நீர் செல்வதைத் தடுப்பதால், கனம் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே வளர்கிறது. பத்து நிமிடத்தில் 3 மி.மீ. படிந்தால், 6 மி.மீ. படிய இருபது நிமிடம் போதாது, நாற்பது வேண்டும். இக்கணக்கைப் பயிற்றுநர் அறிந்தால் போதும். பயில்பவருக்கு மணியடிக்கும் கடிகாரமே போதும்.

ஊற்றுதல், காத்திருத்தல், கவிழ்த்தல், பிரித்தெடுத்தல் என வேலையைச் சிறு படிகளாக்கி ஒவ்வொன்றாகப் பழக்கலாம். கடைசிப் படியை முதலில் கற்பிக்கும் முறை ஒன்று சிறப்புக் கல்வியில் உண்டு. முதல் நாளே அச்சைத் திறந்து முழுப் பொம்மையைக் கையில் எடுக்கிறவரின் முகத்தைக் கற்பனை செய்து பாருங்கள்! பொம்மைக்கு விலை உண்டு. ஆகவே அவருக்குக் கூலியும் உண்டு. இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை.

வெள்ளம் வடிந்தபின் ஒரு சிக்கல் எழும். அச்சின் நுண்துளைகளில் ஏற்கெனவே நீர் நிறைந்திருக்கும். மணியடித்ததும் அவர் பழகியபடியே கவிழ்ப்பார். மெல்லிய ஏடு சரிந்து விழும். “இவருக்கு மறந்துவிட்டது” என்று சொல்லிவிடுவார்கள். அவர் செய்ததில் தவறே இல்லை. தவறு அச்சில் இருக்கிறது! அவசரப்பட்டு அச்சை அடுப்பருகே வைத்தாலும் ஆபத்து. ஏறத்தாழ 50 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு நீடித்தால் ஜிப்சம் தன் படிக நீரை இழந்து பொடியத் தொடங்கும். நல்ல காற்றோட்டத்தில் நாட்கணக்கில் உலர வேண்டியதுதான்.

உலர்ந்துவிட்டதா என்று அறிய ஒரு தராசு போதும். நன்கு உலர்ந்த அச்சின் எடைக்குச் சமமான கல்லை முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும். அச்சுத் தட்டு தாழ்ந்தால் ஈரம் இருக்கிறது, அச்சு மீண்டும் வெயிலுக்குப் போகட்டும். தட்டுகள் சமமாக நின்றால் குழம்பை ஊற்றலாம். இந்தச் சோதனையையும் ஒரு படியாக்கி அந்த இளைஞரிடமே ஒப்படைக்கலாம்.